கட்டை இருந்த இடத்தில் எலுமிச்சம்பழம்

எங்கள் காரில் கை பிரேக் இருந்தது. இழுத்தால் கையோடு வரும், சக்கரத்தை மட்டும் பிடிக்காது. எழுபதுகளின் தொடக்கத்தில் என் கணவர் யாரிடமோ கைமாற்றி வாங்கிய பழைய கறுப்புக் கார் அது. கேபிள் தேய்ந்துவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சிந்தாதிரிப்பேட்டை மெக்கானிக் சொல்லி அனுப்பினார். "கால் பிரேக் நல்லாத்தானே பிடிக்குது, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்றார் என் கணவர். அந்த அடுத்த மாதம் எட்டு மாதமாக வரவில்லை.

அதனால் எங்கள் டிரைவர் தானே ஒரு கட்டை செய்துகொண்டார். மரத்துண்டு ஒன்றை ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கி வைத்திருந்தார். எங்கே வண்டியை நிறுத்தினாலும் முதல் வேலையாக இறங்கி, அதைப் பின் சக்கரத்துக்கு அடியில் செருகிவிட்டுத்தான் எங்களுக்குக் கதவைத் திறப்பார். ஐம்பதை நெருங்கியவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எனக்கு அது பிடிக்கும். நானும் பக்கத்து வீடுகளில் அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன்.

ஆழ்வார்பேட்டையில் எங்கள் வீடு, மழைத் தண்ணீர் ஏறாமலிருக்க மேடு போட்டுக் கட்டியது. கார் நிற்கும் போர்டிகோ பார்வைக்குச் சமதளம். அதைத் தாண்டினால் கேட் வரை நல்ல சரிவு. கேட்டுக்கு நேர் எதிரே, வேப்பமரத்தடியில் ஓர் அம்மாள் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று ஆயுத பூஜை. டிரைவர் காலையிலேயே வந்து வண்டியைக் கழுவித் துடைத்தார். கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, போர்டிகோவுக்குள் சரியாக நிற்கும்படி உருட்டி, கட்டையைச் செருகினார். பிறகு பூசணிக்காயும் மாலையும் வாங்கிவர மயிலாப்பூர் மாட வீதிக்குப் போனார். நான் முன் வராந்தாவில் பலகை போட்டு எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஜாக்கி, ஸ்பேனர்கள், அரிவாள்மனை, கத்தரிக்கோல், என் கணவரின் பேனா. அடுக்கி முடித்த பிறகுதான் கட்டை நினைவுக்கு வந்தது. எட்டு மாதமாக ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் உழைத்தது அது ஒன்றுதான். அதற்குப் பொட்டு வைக்காமல் வேறு எதற்கு வைப்பது?

போய் இழுத்தேன். லேசாக வந்துவிட்டது. வண்டி அசையவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் விடியும்வரை எடுத்துப் புழங்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். காரும் இன்று பூஜையில் இருப்பதுதானே, அது மட்டும் எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தேன். என் புத்தியை என்னவென்று சொல்வது! கட்டையைக் கழுவிச் சந்தனம் இட்டு, குங்குமம் வைத்துப் பலகையில் கிடத்தினேன். வழக்கப்படி நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். கட்டை இருந்த இடத்திலும் ஒன்று வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் என் கணவர் ஏதோ காகிதத்தைத் தேடிக்கொண்டு வந்தார். காரின் முன்கதவைத் திறந்து துழாவினார். கிடைக்கவில்லை. அவர் சாதாரணமாகவே எதையும் மெதுவாகச் சாத்துகிறவர் இல்லை. அன்று கோபம் வேறு. கதவை அறைந்தார்.

கார் பின்னால் நகர்ந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஒரு பெரிய கார் இஞ்சின் ஓடாமல், ஆள் இல்லாமல், தானாகப் போவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் கணவர் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு கூடவே ஓடினார். கேட் திறந்திருந்தது. அந்த அம்மாள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் கத்தினேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கார் மோதிய வேகத்தில் தள்ளுவண்டிக்கும் மரத்துக்கும் நடுவில் அவளுடைய வலது மணிக்கட்டு மாட்டிக்கொண்டது.

டிரைவர் தோளில் பூசணிக்காயோடு வந்து நின்றது அப்போதுதான். என் கணவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. "கட்டை வச்சியா, இல்லையாய்யா?" என்று கேட்டார். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். நான்தான் எடுத்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரவில்லை. டிரைவர் போர்டிகோவில் நசுங்கிக் கிடந்த பழத்தைப் பார்த்தார். பிறகு சந்தனம் அப்பிய என் விரல்களைப் பார்த்தார்.

"மறந்துட்டேன் சார்" என்றார்.

அன்று சாயங்காலமே அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார் என் கணவர். மறுநாள் விடியற்காலையில், யாரும் எழுந்திருக்கும் முன்பு கட்டையை ஒளித்துவிடலாம் என்று வராந்தாவுக்குப் போனேன். பலகையில் அது இல்லை. சந்தனமும் குங்குமமும் போகக் கழுவி, போர்டிகோ தூணில் சாய்த்து வைத்திருந்தது. பக்கத்தில் கார் சாவி இருந்தது. டிரைவர் இருட்டிலேயே வந்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த வாரமே கை பிரேக்கைச் சரி செய்தார்கள். அரை நாள்தான் ஆயிற்று.

இஸ்திரிக்கார அம்மாள் மூன்று மாதம் கழித்து அதே மரத்தடிக்கு வந்தாள். மணிக்கட்டு கோணலாகவே ஒட்டிக்கொண்டிருந்தது. இடது கையால் பெட்டியைத் தள்ளப் பழகிக்கொண்டாள். என் புடவைகளைக் கொண்டுவந்து கொடுக்கும்போதெல்லாம், "அந்தப் பாழாப்போன டிரைவரு குட்ச்சிட்டுதான் இருந்துகிறான்மா, அவன் நல்லாவே இருக்க மாட்டான்" என்பாள். அவர் குடிக்காதவர். நான் புடவைகளை எண்ணுவது போல் குனிந்துகொண்டு "ம்" என்பேன். வாரத்துக்கு ஒரு முறை, வருடக்கணக்காக அப்படி "ம்" சொல்லியிருக்கிறேன். அவள் மடித்த புடவையைக் கட்டிக்கொள்ளும்போது உடம்பு கூசும்.

ஆறேழு வருடம் கழித்து, தி. நகரில் பனகல் பூங்கா பஸ் நிறுத்தத்தில் யாரோ "அம்மா" என்று கூப்பிட்டார்கள். அவர்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் வாட்ச்மேனாக இருப்பதாகச் சொன்னார்.

"வண்டி ஓட்டறதில்லையா?" என்று கேட்டேன்.

"நம்பள யாரும்மா வண்டிய தொட வுடுவாங்க? அல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சே."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "அன்னைக்கு அந்தக் கட்டையை நான்தான்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "தெரியும்மா. அப்பவே தெரியும். ஐயா போட்ற சத்தம் தெருக்கோடி வரிக்கும் கேக்கும். நீ எடுத்தேன்னு தெரிஞ்சா உன்ன சும்மா வுட்ருப்பாரா? எனுக்கு வேல தானே போச்சி. ஒரு பொம்பள அடி வாங்காம தப்பிச்சிதே, அது போதும்னுதான் வாய மூடிக்கினு போய்ட்டேன்."

என் கணவர் கத்துவார். தட்டை வீசியெறிவார். ஆனால் என் மேல் அவர் ஒரு நாளும் கை வைத்ததில்லை. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு வாரம் கத்தியிருப்பார், அவ்வளவுதான். அதை டிரைவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை வருடமும் அந்த ஒரு நினைப்பைத்தான் அவர் கூட வைத்துக்கொண்டிருந்தார் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஆமா, அடிச்சுத்தான் இருப்பாரு" என்றேன்.

அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.