நான் சந்தோஷப்பட்ட வலி

போன வருஷம் ஆவணி பிறந்த புதுசு. காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்க்கிற பட்டுப் புடவைக் கடையில் கல்யாணக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த ஒரு காலை. அன்றைக்கு நான் சாவின் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பினேன்.

கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் புரியும். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது மூன்றாவது வருஷம். குழந்தை இல்லை. வீட்டுக்காரருக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. நான் வீட்டில் இருக்கும்போது அவர் கம்பெனியில், அவர் வீட்டில் இருக்கும்போது நான் கடையில். இந்த லட்சணத்தில் கரு தங்குவதற்கு ஏற்ற நாள் எது என்றாவது தெரிந்தால் நல்லது என்று, கருமுட்டை வெளிவரும் நாளைக் காட்டுகிற டெஸ்ட் ஸ்ட்ரிப்பை ஆன்லைனில் வாங்கினேன். எங்கள் தெரு மெடிக்கலில் கேட்க முடியாது. அந்தக் கடைக்காரர் என் மாமனாரோடு தினமும் டீ குடிக்கிறவர்.

சிறுநீரில் கொஞ்ச நேரம் நனைத்து எடுத்தால் அந்த ஸ்ட்ரிப்பில் ஒரு கோடு தெரியும். முட்டை வெளிவரப்போகிறது என்றால் பக்கத்தில் இன்னொரு கோடும் அதே மாதிரி அழுத்தமாக விழும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடை பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு பார்ப்பேன். முதல் சில மாதங்கள் அந்த இரண்டாவது கோடு, ரப்பரால் அழித்த பென்சில் கோடு மாதிரிதான் தெரிந்தது. என் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைப்பேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கல்யாணப் பெண்களுக்குச் சிரித்துக்கொண்டே புடவை விரிப்பேன். டாக்டரிடம் போகப் பயம். ஏதாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

அந்த மாதம் பீரியட்ஸ் கொஞ்சம் தள்ளி வந்தது. வழக்கம்போல இல்லாமல், லேசாகக் கறுப்பாகப் பட்டுவிட்டு நின்றுவிட்டது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வழக்கமான நாள் வந்ததும் ஸ்ட்ரிப்பை எடுத்தேன். எடுத்த முதல் நாளே பளிச்சென்று இரண்டு கோடு! போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். அவர் யார் யாரையோ கெஞ்சி ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தார். மறுநாளும் இரண்டு கோடு. அதற்கு மறுநாளும். கோடு மங்கவே இல்லை. அடிவயிற்றில் இடது பக்கம் சுருக் சுருக்கென்று குத்தல் வேறு. போனில் தேடினால், முட்டை வெளிவரும்போது சிலருக்கு அப்படி வலிக்கும் என்று போட்டிருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். வலிக்க வலிக்க, என் உடம்பு நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு, அந்த இடத்தைக் கையால் தடவிக்கொடுத்தபடி தூங்கினேன்.

நான் சொன்ன அந்தக் காலையில் தோள்பட்டையிலும் ஒரு வலி இருந்தது. முந்தின நாள் புடவைக் கட்டுகளைத் தூக்கி வைத்ததால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்திருந்தது. கல்யாணப் பெண், அவளுடைய அம்மா, சொந்தக்காரப் பெண்கள். ரொம்ப நேரம் பார்த்து, பச்சை பார்டர் வைத்த அரக்குப் புடவை ஒன்றை முகூர்த்தத்துக்கு முடிவு செய்தார்கள். பெண்ணின் தோளில் போட்டுக் காட்டலாம் என்று எழுந்தேன். கண்ணுக்கு முன்னால் எல்லாம் வெள்ளையாகிப்போனது. அவ்வளவுதான் தெரியும்.

கண்ணைத் திறந்தபோது அந்தக் கல்யாணப் பெண்ணின் அம்மா மடியில் என் தலை இருந்தது. எனக்குக் கீழே முகூர்த்தப் புடவை கசங்கிக் கிடந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. நல்ல காரியத்துக்கு வந்தவர்கள், அபசகுனம் என்று என்னைத் திட்டப்போகிறார்கள், வேலையும் போகப்போகிறது என்று, "மன்னிச்சிடுங்கம்மா, ஒண்ணுமில்ல, காலையில சாப்பிடல" என்று எழப் பார்த்தேன். எழ முடியவில்லை.

"சும்மா படுமா. உதடெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கெடக்குது, ஒண்ணுமில்லையாம்" என்றார் அந்த அம்மா. பிறகு குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "முழுகாம இருக்கிறியாமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துப்போயிருந்தது. "இல்லம்மா, இப்பதான் தலைக்குக் குளிச்சேன்" என்றேன் கொஞ்சம் வெடுக்கென்று.

கடை மேனேஜர் சோடா வாங்கி வரச் சொன்னார். கொஞ்ச நேரம் உள்ளே போய்ப் படுத்தால் சரியாகிவிடும் என்றார். நானும் தலையாட்டினேன். ஆனால் அந்த அம்மா விடவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்றார். கூட வந்த ஒரு பெண், "ராகு காலம் வந்துடும்கா, பில்லு போட்டுட்டுப் போயிடலாம்" என்று இழுத்தாள்.

"இந்தப் பொண்ணு மூச்சு விட முடியாம கெடக்குது, நான் பார்டர் பாத்துக்கினு உக்காந்திருக்கவா?" என்று ஒரு அதட்டல் போட்டார். அவர்கள் வேனிலேயே என்னைத் தூக்கிப் படுக்கவைத்தார்கள். படுத்ததும் தோள்வலி கத்தியால் குத்துகிற மாதிரி ஏறியது. அப்போதுதான் முதல்முறையாக, நான் செத்துப்போய்விடுவேனோ என்று தோன்றியது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் வயிற்றைத் தொட்டதுமே நான் அலறினேன். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்று அவரும் கேட்டார். இல்லை என்றேன். பிறகு எனக்கே என்ன தோன்றியதோ, போனைத் திறந்து அந்த ஸ்ட்ரிப் போட்டோக்களைக் காட்டினேன். இத்தனை மாதமாக வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாமல் வைத்திருந்தது, முன்பின் தெரியாதவர்கள் முன்னால் வெளியே வந்தது.

டாக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "தினமும் இப்படியேவா வருது?" என்று கேட்டார். அவர் முகம் மாறிவிட்டது. உடனே வேறொரு டெஸ்ட் எடுக்கச் சொன்னார். கர்ப்பமா என்று பார்க்கிற டெஸ்ட். நர்ஸ் அதைக் கையில் பிடித்தபடி நிற்க, அதிலும் இரண்டு கோடு தெரிந்தது. மூன்று வருஷமாக நான் சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு கோடு. அதைப் பார்த்து யாருமே சிரிக்கவில்லை.

ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் மெதுவாகச் சொன்னார். கரு கர்ப்பப்பைக்குள் போகாமல் கருக்குழாயிலேயே தங்கி வளர்ந்திருக்கிறது. குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறது. தோள்வலியும் அதனால்தான். நான் பீரியட்ஸ் என்று நினைத்தது பீரியட்ஸே இல்லை. கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன் அந்த ஸ்ட்ரிப்பையும் ஏமாற்றி இரண்டு கோடு காட்டும். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும்.

கையெழுத்து நானே போட்டேன். அது என் கையெழுத்து மாதிரியே இல்லை. "எங்க வீட்டுக்காரர் இன்னும் வரலம்மா" என்று அந்த அம்மாவிடம் அழுதேன். "வந்துக்கினே இருக்கிறாராம், உங்க கடையிலேர்ந்து கம்பெனிக்குச் சொல்லியாச்சு. அவர் வர்ற வரைக்கும் நான் எங்கயும் போவ மாட்டேன், நீ பயப்படாம போ" என்றார். பயப்படாமல் எப்படிப் போவது? ஆனால் தியேட்டர் கதவு வரைக்கும் என் கையை அவர் விடவில்லை.

கண் விழித்தபோது வீட்டுக்காரர் கம்பெனி ஷூவைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் நின்றிருந்தார். ஒரு குழாயை எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்ததை அவர் முடிக்க விடவில்லை. என் மாமியார் கஞ்சியை ஸ்பூனில் ஊட்டினார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்மா" என்றார் ஒரே ஒரு தடவை.

அந்த அம்மா என் வீட்டுக்காரர் வந்ததும் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார். இருந்த பதற்றத்தில் வீட்டுக்காரர் அவருடைய பேர், ஊர் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் அன்றைக்குக் கடைக்குத் திரும்பவும் இல்லை.

எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை. நம்பிக்கை இருக்கிறது, டாக்டரிடம் ஒழுங்காகப் போகிறோம். சந்தேகம் எதுவானாலும் போனில் தேடாமல் அவரிடமே கேட்கிறேன். வயிற்றில் சின்னதாகச் சுருக்கென்றாலும் பயம் வந்துவிடுகிறது, அது போகும் என்றும் தோன்றவில்லை. நான் சொன்ன "ஒண்ணுமில்ல"வை முன்பின் தெரியாத ஒரு அம்மா நம்பாததால்தான் இன்று இதை எழுத நான் இருக்கிறேன். யாராவது வெளுத்த முகத்தோடு என்னிடம் அப்படிச் சொன்னால், நானும் அவர்களை இன்னொரு தடவை திரும்பிப் பார்க்காமல் கடந்து போவதில்லை.