ஆமா அண்ணா

லவால் நகரில், தெப்பனர் என்று இங்கே சொல்லும் மூலைக் கடை ஒன்றின் வாசலில் பனிக்கட்டியில் சறுக்கி வலக்கையை முறித்துக்கொண்ட பிறகு, எழுத வேண்டியதையெல்லாம் தொலைபேசியிடம் வாயால் சொல்லத் தொடங்கினேன். நான் சொன்னால் அது எழுதும். ஆனால் யாழ்ப்பாணத் தமிழ் மட்டும் அதன் காதுக்குப் பிடிபடவில்லை.

அன்று மதியம் ஒன்றே காலுக்கு அண்ணையிடமிருந்து செய்தி வந்தது. இரண்டு வருடமாக நாங்கள் பேசுவதில்லை. அவருடைய மகளின் கலியாணத்துக்கு நான் வீம்புக்குப் போகாமல் விட்டதில் தொடங்கியது.

"மூண்டு மணிக்கு எனக்கு ஹார்ட் ஒப்பரேஷன். கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரி. வருவியோ?"

அழைத்துப் பேசினால் அழுதுவிடுவேன் என்று பயம். "ஓம் அண்ணை, வாறன்" என்று தொலைபேசியிடம் சொன்னேன். "ஓம் அன்னை வரன்" என்று எழுதியது, ஏதோ கலியாணத் தரகரின் விளம்பரம் மாதிரி. மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் அன்னை, வரன். நேரம் ஓடியது. எரிச்சலில், வேலையிடத்துச் சென்னை நண்பர் பேசுவதுபோல் சொல்லிப் பார்த்தேன்.

"ஆமா அண்ணா, கண்டிப்பா வரேன்."

ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. அனுப்பிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

மெட்ரோவில் ஏறியபோது பதில் வந்தது. "ஆர் நீ? என்ர தம்பி இப்பிடிக் கதைக்கமாட்டான். அவன்ர ஃபோனைக் களவெடுத்தனியோ?"

உடனே அழைத்தேன். மணியே போகவில்லை. என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

தம்பி வரவில்லை, எவனோ கள்ளன்தான் பதில் போட்டான் என்ற நினைப்போடு அவர் உள்ளே போய்விட்டால்? திரும்பி வராமலே போய்விட்டால்? ரயிலோ ஒவ்வொரு நிலையத்திலும் அவசரமே இல்லாமல் ஆறுதலாகக் கதவைத் திறந்து ஆறுதலாக மூடியது. என் வீம்பை நானே திட்டிக்கொண்டு நின்றேன்.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்க ஆஸ்பத்திரிக்குள் ஓடினேன். லிஃப்டுக்கு முன்னால் அண்ணையைக் கட்டிலோடு நிறுத்தியிருந்தார்கள். என் பிளாஸ்டர் கையைத்தான் முதலில் பார்த்தார்.

"ஆமா எண்டு எழுதினது நீயோ?"

"ஓம் அண்ணை."

"இதைச் சொல்ல உனக்கு ரெண்டு வருஷமோ?" என்றார். லிஃப்ட் வரும்வரை என் இடக்கையை விடவில்லை.

அவர் வீடு திரும்பி மூன்று மாதமாகிறது. என் எண்ணுக்குப் போட்ட தடையை இன்னும் எடுக்கவில்லை. கேட்டால், "நேர வந்து கதை" என்கிறார்.