களத்தின் மேல் கட்டிய தார்சு

எருமப்பட்டிக்கு மேற்கே தோட்டத்தில் குடியிருந்த சின்னுசாமி, 1934இல் தன் கதிரடிக்கும் களத்தின் மேலேயே வீடு கட்டினார். தலைமுறை தலைமுறையாக மாடு மிதித்து இறுகிய தரை. அஸ்திவாரத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லையென்று பட்டது. களம் போய்விடுமே என்ற கவலையும் இல்லை. கூரை தட்டையாக வரப்போகிறது, கம்பை அங்கே காயப்போட்டுக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தில் முதல் தார்சு வீடு அதுதான்.

அவர் மனைவி ஆத்தாயி குடிவர மறுத்துவிட்டாள்.

"ஏனுங்க, தவச தானியம் குமிச்சுக் கும்புட்ட எடமுங்க அது. அங்க ஒருத்தி புள்ளை பெறுவா, ஒருத்தர் சாவாரு. அந்தத் தீட்டையெல்லாம் களத்துல வெச்சுக்கறதுங்களா?"

"களம் இப்ப அங்கில்ல புள்ளே. மேல போயிருச்சு."

"மேல போயிருச்சா? அது என்ன கோழியா, கூரை ஏறிக்கறதுக்கு?"

பக்கத்துப் பழைய ஓலை வீட்டிலேயே அவள் அடுப்பு எரிந்தது. புது வீட்டில் அவர் மட்டும் பாய் விரித்துப் படுத்தார். சாப்பிட அங்கே போனார். அவள் கணக்கில் அவர் களத்துக் காவலாள்.

மேலே இருப்பது களமா கூரையா என்று அவருக்கே பிடிபடவில்லை. களத்தில் யாரும் செருப்போடு கால் வைப்பதில்லை. ஆனால் கட்டிய மேஸ்திரி ஞானதாஸ் மேலே செருப்போடுதான் நடந்தார். சின்னுசாமி ஒரு நாள் ஏணியடியில் கழற்றினார், ஒரு நாள் கழற்றவில்லை, ஒரு நாள் பாதி ஏணியில் யோசித்து நின்றுவிட்டு இறங்கிவிட்டார்.

ஞானதாஸ் சேலத்துக்காரர், மாதா கோயில் சாமியாரோடு பழக்கமுள்ளவர். மீதிப் பூச்சுக்கு வந்தபோது சின்னுசாமி கேட்டார்.

"இந்தத் தார்சுங்கறது எந்த ஊருப் பேச்சுங்க, மேஸ்திரி?"

"வெள்ளைக்காரன் டெரஸுங்கறான், நம்ம வாயில தார்சு ஆயிருச்சு. எங்க சாமியார் சொன்னாரு, லத்தீன்ல தெர்ரான்னா மண்ணாம். மண்ணைக் கொட்டி மேடாக்கிச் சமம் பண்ணின எடத்துக்குத்தான் மொதல்ல அந்தப் பேரு. கொல்லிமலையில படிப்படியா வயலு வெட்டியிருக்காங்களே, அதுவும் டெரஸ்தானாம். வீட்டு மேல ஏறினதெல்லாம் பின்னால."

"அப்ப இது மண்ணுங்க."

"பேருதான் மண்ணு, கவுண்டரே. இது சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும். பொம்பளைங்க கட்டையால அடிச்சு இறுக்குனது."

மண் என்றதோடு சின்னுசாமியின் காது நின்றுவிட்டது. மண் தரையென்றால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும். கம்பு அறுப்பு முடிந்ததும் சாணியும் செம்மண்ணும் கரைத்து மேலே முழுக்க மெழுகினார். ஓரத்தில் சின்ன வரப்புக் கட்டினார். மழைத்தண்ணீர் இறங்கும் தூம்பு வழியே தானியம் ஓடிவிடுமென்று அதைச் சாணி உருண்டையால் அடைத்தார். கம்பைப் பரப்பிச் சூடம் கொளுத்தினார். ஆத்தாயி ஏறிவந்து ஒரு தடவை பார்த்தால் போதும், கீழே குடிவந்துவிடுவாள்.

அவள் ஏறவில்லை. மழைதான் வந்தது.

சாக்குப் போட்டு மூடினார். மறுநாளும் மழை விடவில்லை. மேலே தண்ணீர் குட்டையாக நின்றது. கீழே உத்திரத்தைப் பிடித்துச் சாணித்தண்ணீர் சொட்டியது. களத்தில் மழை பிடித்தால் தவசத்தை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். எந்த வீட்டுக்குள்? கீழே இருப்பது வீடா, களமா? ஏணியடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நனைந்துகொண்டே நின்றார்.

ஆத்தாயி கூடையோடு வந்தாள்.

"மரமாட்டம் நிக்கறீங்களே. ஏறி அள்ளிக் குடுங்க."

அவர் மேலிருந்து கொடுக்கக் கொடுக்க அவள் வாங்கிப் புது வீட்டுக்குள் கொண்டுபோய்க் கொட்டினாள். எல்லாம் முடிந்து அவர் உள்ளே வந்தபோது ஒழுகாத பக்கமாகக் கம்பைக் கையால் பரப்பிக்கொண்டிருந்தாள். பழைய களம் இருந்த அதே இடம்.

"ஆத்தாயி, நீ குடிவந்துட்டியா, இல்ல தவசத்துக்குக் காவலா?"

"நனைஞ்ச கம்பு தங்குமுங்களா? இடிச்சுக் கூழாக்கோணும். போயி அடுப்புக் கல்லு மூணையும் எடுத்துட்டு வாங்க."

"இங்கியா? தீட்டுன்னியே."

"ஒழுவாத மூலையாப் பாத்து வெய்யுங்க."

அவர் வெறுங்காலோடு போய்க் கற்களைச் சுமந்து திரும்பினார். தூம்பிலிருந்து செந்தண்ணீர் வாசலில் கொட்டிக்கொண்டிருந்தது. ஆத்தாயி மேலே நின்று தூம்பைக் கம்பியால் குத்திக்கொண்டிருந்தாள். அவள் காலில் அவருடைய செருப்பு.

சின்னுசாமி கல்லோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். களத்தில் யாரும் செருப்போடு கால் வைப்பதில்லை.