உம்மு சுஃப்யான் வாங்கிய செருப்பு

எங்கள் மூன்றாம் மாடி நஜாஹ் பெரியம்மா ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் அம்மான் நகரத்துக் கடைகளெல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டு ஒப்பாரி வைக்கும். அவர் வாங்கிய பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் நிலாவில் ஏறிக் காலாற நடந்துவிட்டு வரலாம்.

பெரியம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. குடிநீர் ஆபீசில் குமாஸ்தா. எங்கள் கட்டடத்தில் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். மூத்த பையன் பெயரோடு சேர்த்து 'உம்மு' என்பார்கள், இன்னாரின் அம்மா என்று. எட்டாம் வகுப்போடு நின்றுபோன நான்கூட என் அம்மாவுக்குப் பெயராக இருக்கிறேன்: உம்மு அய்ஹம். படிக்கட்டில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி அப்படிக் கூப்பிட்டுக்கொள்ளும்போது, பெரியம்மா சாவியைத் தேடுவதுபோல் பையைக் கிளறிக்கொண்டே மேலே போய்விடுவார்.

ஒருநாள் அவர் வாசலில் கிடந்த செருப்புக் கடைப் பார்சலில் 'உம்மு சுஃப்யான்' என்றிருந்தது. கீழே போன் நம்பர். கடைக்கு மட்டும் கொடுத்துவைத்த பெயர்! விடுவேனா? புது சிம் போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"உம்மு சுஃப்யானா? கடையிலேர்ந்து பேசறோம். செருப்பு பிடிச்சிருக்கா மேடம்?"



"எனக்கில்லப்பா, பையனுக்கு. நாப்பத்திமூணு சைஸ். இர்பிதுல இன்ஜினியரிங் படிக்கிறான். வெள்ளிக்கிழமை வந்தான்னா மன்சஃப் தட்டுல எலும்புகூட மிஞ்சாது, கழுதை."

'அப்படி ஒருத்தனே கிடையாதே!' என்று சொல்லிச் சிரிப்பதுதான் திட்டம். வாய் வரவில்லை. "நல்லா படிக்கட்டும் மேடம்" என்று வைத்துவிட்டேன்.

அடுத்த செவ்வாயும் கூப்பிட்டேன். அதற்கடுத்ததும். சுஃப்யானுக்குக் காய்ச்சல் வந்து போனது. பரீட்சையில் தேறினான். ஆனால் "இந்த வாரம் என்ன வாங்கினீங்க?" என்றுதானே ஒவ்வொரு தடவையும் நான் ஆரம்பிப்பேன்? அதற்காகவே அவர் வாங்கத் தொடங்கிவிட்டார். பிரிக்காத பெட்டிகள் கதவைத் தாண்டிப் படிக்கட்டுக்கு வந்தன. போன வாரம் பார்த்தால் காதில் தோடு இல்லை.

நேற்றுப் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்: "இனிமே ஒண்ணும் வாங்காதீங்க மேடம். வாங்காட்டியும் கூப்பிடுவோம்."

போன் நின்றுவிட்டது. தலைக்கு மேலே காலடிச் சத்தம் நடந்து, படியிறங்கி, எங்கள் கதவில் வந்து தட்டியது.

திறந்தேன். பெரியம்மா. கையில் ஒரு பெட்டி. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏன்டா, எந்த ஊர்க் கடைக்காரன்டா வாங்காதீங்கன்னு சொல்வான்?"

"பெரியம்மா, அது வந்து..."

"மூக்கைப் பிடிச்சுப் பேசினா ஆச்சா? நீ இங்க பேசறது மேல எனக்கு அப்படியே கேக்குது. மொத நாளே தெரியும்."

வாசலில் நான் கழற்றிப்போட்டிருந்த பிய்ந்த செருப்பைக் காலால் ஒதுக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தார்.

"இந்த மொத ஜோடியே உன் பிய்ஞ்ச செருப்போட சைஸைப் பாத்துத்தான் வாங்கினேன். போட்டுப் பாரு."