பட்டியலில் ஐந்தாவது காசு

வெண்டெல் டிராக்ஸெல் அமெரிக்காவின் ரெடிங் நகரத்தில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். மற்ற நேரமெல்லாம் 1820களின் அரை டாலர் வெள்ளிக் காசுகள்தான் அவருக்கு உலகம். பழங்காசு சேர்ப்பவர்களான எங்கள் சங்கத்தில் காசின் வருடத்தோடு நிற்க மாட்டோம், எந்த அச்சில் அடித்தது என்றும் பார்ப்போம். அச்சில் விரிசல் விழுந்தால், அதில் அடித்த காசில் அது மயிரிழை மேடாக எழும். காசிலுள்ள ஒரு நட்சத்திரத்தின் அருகே அப்படி மேடு எழுந்த காசு மொத்தமே ஐந்துதான் என்றது எங்கள் பட்டியல். ஐந்தாவது வெண்டெலுடையது. போட்டோவைப் பார்த்துப் பட்டியலில் ஏற்றியவன் நான். அதன் பிறகு சங்கத்தில் அவருக்குத் தனி மரியாதை.

ஓய்வுபெற்ற நர்ஸ் இடெல்லா ஹோஸ்டெட்டர் மற்ற நான்கையும் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தவர். கண்ணில் கோளாறு. ஆபரேஷன் செய்தால் பார்வை தங்கலாம், போகவும் போகலாம் என்றார் டாக்டர். ஐந்தாவதையும் பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷனுக்குப் படுப்பேன் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். வெண்டெலோ லாக்கர் சாவி காணோம், காய்ச்சல், பனி என்று இரண்டு வருடம் இழுத்தடித்தார். பெரிய மனுஷன் பிகு பண்ணுகிறான் என்று எனக்கு எரிச்சல். ஒரு திங்கட்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் இடெல்லாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் அவர் வாசலில் நின்றேன். வெண்டெல் முகம் செத்துப்போயிற்று. பாங்குக்குப் போய்க் காசை எடுத்துவந்தார்.

இடெல்லா லென்ஸை இடது கண்ணில் வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார்.

"கோடு தெரியுதுப்பா! அஞ்சையும் பாத்துட்டேன்" என்றார். வெண்டெல் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும்.

"நகத்தால தடவிப் பாருங்க, இடெல்லா" என்றார் அவர்.

"பைத்தியமாய்யா உனக்கு?" என்று கத்தினேன். காசின் முகத்தில் விரல் படுவது எங்களுக்குப் பெரும் பாவம், விளிம்பைத்தான் பிடிப்போம்.

"பரவாயில்ல, தடவட்டும்."

இடெல்லா தயங்கித் தயங்கி நகத்தை ஓட்டினார். "மேடா இல்லையே. பள்ளமால்ல இருக்கு?"

"கீறல்தான். வாங்கின ஜோர்ல மேடாத் தெரிஞ்சுது. மூணு வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுது. அதுக்குள்ள பட்டியல்ல ஏறிப்போச்சு. சொல்ல வாய் வரல."

எனக்குக் கோபமும் வெட்கமும் சேர்ந்து வந்தன. போட்டோவில் மேடு எது, பள்ளம் எது? அதை நம்பியவன் நான்தானே. அங்கேயே பட்டியலை எடுத்து ஐந்தை அடித்து நான்கு என்று எழுதினேன். அரை நிமிட வேலை.

"அப்போ நாலாவதோடயே என் வேலை முடிஞ்சுபோச்சு" என்றார் இடெல்லா. "உன் சாவியையும் காய்ச்சலையும் நம்பி உக்காந்திருந்தேன். அதுக்குள்ள வலது கண்ணு போயிடுச்சு."

"அதான் இப்ப சொல்லிட்டேனே" என்றார் வெண்டெல், தலை நிமிராமல்.

"ரெண்டு கண்ணும் இருக்கறப்போ சொல்லியிருக்கணும்."

இரண்டு வருடம் இழுத்தடித்துவிட்டு, கடைசியில் மங்கிய கண்ணை ஏமாற்றாத மனிதரை மெச்சுவதா திட்டுவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இடெல்லா என் கையைப் பிடித்துப் படியிறங்கினார். காரில் ஏறியதும், "டாக்டருக்குப் போன் போடு" என்றார். "இருக்கற கண்ணுக்கு என்னிக்கு வரலாம்னு கேளு."