படியளந்த லார்டு

அப்போது நான் சேலத்தில் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். அறுவடை சமயத்தில் லீவு வந்தது. வடக்கனந்தல் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மா கூலிக்கு நெல் அறுத்துக்கொண்டிருந்தாள். "உன் பொண்ணையும் கூட்டிக்கினு வா" என்று நிலக்காரர் சொல்லியிருந்தார். பரீட்சை இருக்கிறது, படிக்கட்டும் என்று அம்மா மறுத்துவிட்டாள். அதிலிருந்தே அவர் முகம் சரியில்லை.

கூலி அளக்கிற அன்று சாக்கைத் தூக்க நானும் களத்துக்குப் போனேன். கல்வராயன் மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. நிலக்காரர் அம்மாவை மட்டும் "நீ நில்லு" என்று ஒதுக்கிவிட்டு மற்றவர்களுக்கு அளந்தார். எங்கள் பக்கம் முதல் மரக்காலை ஒன்று என்று எண்ண மாட்டார்கள். 'லாபம்' என்று சொல்லிக் கொட்டிவிட்டு, அடுத்ததை ரெண்டு என்பார்கள். ஒன்று என்று ஆரம்பித்தால் அந்த வீட்டில் நெல் தங்காது என்று பயம். ஒவ்வொருவருக்கும் 'லாபம்' கேட்கக் கேட்க குறைகிற குவியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நெல்தான் அடுத்த போகம் வரை எங்களுக்குச் சோறு. கிடையாது என்று அவர் சொல்லிவிட்டால் ஏனென்று கேட்க நாதியில்லை.

கடைசியில் நாங்கள்தான் மிச்சம். வாங்கியவர்களும் போகாமல் நின்றார்கள். அவர் மரக்காலைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"காலேஜ்ல இன்னா படிக்கிற?"

"இங்கிலீஷுங்க. வார்த்தைங்க எப்பிடி வந்திச்சின்னு படிக்கிறோம்."

"ஒரு வார்த்த சொல்லு, கேப்போம்."

எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். பாழாய்ப்போன வாயில் லார்டுதான் வந்தது. வெட்டி பந்தா செய்கிறவனை 'பெரிய லார்டு' என்று கேலி செய்கிற ஊர் அது. கூட்டம் விறைத்துப் போனது. நான் அவசரமாகத் தொடர்ந்தேன்.

"முன்காலத்துல ரொட்டிய காவல் காக்கிறவருன்னு அர்த்தமுங்க. நாம படியளக்கிறவருன்னு சொல்றமே, அந்த மாதிரி."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப லேடி?"

"மாவு பெசையறவங்க."

"அட, வெள்ளக்காரனும் நம்மள மாதிரிதான் இருந்துக்கிறான்!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மூச்சு விட்டாள். அவர் அதோடு விட்டிருக்கலாம்.

"கூலியாளுக்கு இன்னா பேரு?"

எனக்குத் தெரியும். அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். சொல்லாதே என்கிறாளா, சொல்லி முடி என்கிறாளா, புரியவில்லை.

"ரொட்டி துன்றவன்னு பேருங்க."

"சரியாத்தான் வெச்சிக்கிறான்!" தொடையைத் தட்டிச் சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காவல் காத்தவனும் துன்னான், பெசஞ்சவளும் துன்னா. வெளைய வெச்சவனுக்கு மட்டும் ஏங்க அந்தப் பேரு?"

சிரிப்பு நின்றது. மலைப்பக்கம் இடி இடித்தது. போச்சு, வாயைக் கொடுத்து வீட்டுச் சோற்றைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அம்மா குனிந்து சாக்கை விரித்தாள்.

"மழ வருது ஆண்டே. அளங்க."

நிலக்காரரைக் கூலியாட்கள் கூப்பிடுகிற அந்த 'ஆண்டே'க்கு என்ன அர்த்தம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் மரக்காலை நிமிர்த்தி நெல்லை அள்ளினார். கூம்பாகத்தான் அள்ளினார், அளவில் குறை வைக்கவில்லை. சாக்கில் கொட்டும்போது என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஒண்ணு."

பின்னால் யாரோ "ஐயையோ" என்றார்கள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது. அம்மா சாக்கின் வாயை இறுகப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். களத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"லாபம்."

அவர் கை அப்படியே நின்றது. தூறல் விழ ஆரம்பித்தது. அம்மா சாக்கை விடவில்லை, குனியவும் இல்லை. அவர் அடுத்த மரக்காலை அள்ளினார்.

"ரெண்டு" என்றார்.