முளைப்பாரியில் வைத்த சீமைப்பூ

எண்பதுகளில் சங்கரன்கோவிலில் என் வீட்டுத் தொட்டியில் ஆகாயத்தாமரை வளர்த்தேன். வெளிநாட்டுப் பூ என்று ஏகப் பெருமை. அம்மன் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி எடுத்தபோது, நவதானிய முளைகளுக்கு நடுவே அழகுக்காக அதில் இரண்டு செடியை வேரோடு வைத்தேன். எல்லாவற்றையும் சேர்த்துத்தான் குளத்தில் கரைத்தேன்.

மறு வருடக் கொடைக்குப் போனால் குளத்தில் தண்ணீரே தெரியவில்லை. கரைக்குக் கரை ஊதாப்பூ. முன்னால் போன மதினி போட்ட முளைகள் முங்காமல் அந்த இலைகளின்மேல் அப்படியே கிடந்தன.

"மடையையும்லா அடைச்சிருக்கு! வயலுக்கு எப்படித் தண்ணி போவும்? ஏட்டி, இது ஒன் வீட்டுத் தொட்டிச் செடில்லா?" என்று அலறியபடி மதினி திரும்பினாள்.

என்னால் தலையிலிருந்த முளைப்பாரியை இறக்கவே முடியவில்லை.

அந்த வருடமும் அதே செடியைத்தான் நடுவே வைத்திருந்தேன்.